பாதியில் நின்ற ஷெல் பிளேட்: ஐந்து நிலை ரீலோடிங் பிரஸ் தந்த அலைச்சல்

டெக்சாஸில் எங்கள் வீட்டு கராஜில் இருக்கும் ஐந்து நிலை புரோகிரசிவ் பிரஸ் (சுட்டு முடித்த உறைகளில் மீண்டும் மருந்தும் குண்டும் பொருத்தும் கைப்பிடி இயந்திரம்), போட்டிகளுக்குத் தேவையான 9 மி.மீ. தோட்டாக்களை இதுவரை தடங்கலின்றித் தந்துகொண்டிருந்தது. சென்ற மாதம், ஒரு போட்டி நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அதன் ஷெல் பிளேட், அதாவது உறைகளை ஏந்தி நிலைக்கு நிலை சுழலும் வட்டத்தட்டு, அடுத்த நிலைக்கு முழுமையாகச் சுழலாமல் பாதியிலேயே நிற்கத் தொடங்கியது. கைப்பிடியைச் சற்று அழுத்தினால் பிளேட் வெடுக்கென்று நகர்ந்தது. அந்த அதிர்வில் உறைக்குள் இருந்த பவுடர் (வெடிமருந்து) அடித்தட்டெங்கும் சிதறியது.

இந்த நிலையில் கைப்பிடியை வலிந்து இழுக்கவே கூடாது. நகராத பிளேட்டின் மீது மீண்டும் கைப்பிடியை இழுத்தால் ஒரே உறையில் இருமுறை மருந்து விழக்கூடும். வேகமாக எரியும் சில பவுடர்கள் இருமடங்கு விழுந்தாலும் உறை நிரம்பி வழிவதில்லை என்பதால், கண்ணுக்கும் தப்பிவிடும். நான் தயாரிக்கும் 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தமே 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு) என்னும்போது, அப்படிப்பட்ட தோட்டா துப்பாக்கியை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பிளேட் நின்ற ஒவ்வொரு முறையும் எல்லா உறைகளையும் வெளியே எடுத்து, பவுடரைக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

தயாரிப்பு நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவர், நான் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே, பிளேட்டைத் தள்ளிச் சுழற்றும் கொக்கி தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பிரைமர்கள் (உறையின் அடியில் பொருத்தப்பட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணங்கள்) அடிமட்டத்துக்கு வெளியே துருத்தி நிற்கின்றன என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. அவர் அனுப்பிவைத்த கொக்கியோ வேறொரு மாடலுக்கு உரியது. உதிரிபாகம் கேட்கும்போது மாடல் பெயரை அவர்கள் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். உள்ளூர்க் கடையில் இருந்தவர் எண்ணெய் ஸ்பிரே அடித்தால் போதும் என்றார். எண்ணெய் பட்ட பிரைமர் வலுவிழக்கவோ செயலிழக்கவோ கூடும். அப்படி வலுவிழந்த பிரைமரோ, மருந்து விழாத உறையோ குண்டைக் குழலுக்குள்ளேயே சிக்க வைத்துவிட்டால், அடுத்த தோட்டா வரும்போது விபத்துதான். அந்த அறிவுரையைக் கேட்டு இப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

உண்மையான காரணம், கோளாறு தென்பட்ட இடத்துக்கு முந்தைய நிலையில் இருந்தது. ஷெல் பிளேட்டின் நடு போல்ட்டின் மீதும் பிளேட்டின் மீதும் சேர்ந்தாற்போல் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டு, மருந்தும் பிரைமரும் இல்லாமல் சிறிது நேரம் கைப்பிடியை இயக்கினேன். கோட்டின் இரு பாதிகளும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப்போயின. போல்ட்டை அசையாமல் பிடித்திருக்க வேண்டிய சிறிய பக்கவாட்டுத் திருகு தளர்ந்திருந்ததால், போல்ட் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. கைப்பிடியை முன்னோக்கித் தள்ளும்போது பிரைமரைக் கீழிருந்து அழுத்தும் விசை, பிரைமரை உறைக்குள் செலுத்துவதற்குப் பதிலாகத் தளர்ந்த பிளேட்டையே ஒரு பக்கமாகத் தூக்கியது. முழுமையாக உட்காராத அந்த பிரைமர், அடுத்த நிலைக்குச் செல்லும் வழியில் அடித்தட்டில் உரசி, பிளேட்டைப் பிடித்து நிறுத்தியது. கொக்கிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிளேட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பிரைமர் செலுத்தும் ஊசியைச் சுற்றி, பழைய பிரைமரின் கரியும் சிதறிய பவுடரும் கலந்த பொடி இறுகிப் படிந்திருந்தது. உலர்ந்த பிரஷ்ஷால் அதைத் துடைத்தெடுத்தேன். பிறகு போல்ட்டைப் பிளேட் நகராத அளவுக்கு இறுக்கி, தடையின்றிச் சுழலும்வரை மட்டும் இம்மியளவு தளர்த்தி, விரலால் விளிம்பை அழுத்தினால் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பக்கவாட்டுத் திருகை முடுக்கினேன். பிளேட் சத்தமின்றி முழுச் சுற்று சுழன்ற அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல.

பிளேட் சரியான பின்பும் ஓரிரு உறைகள் முரண்டு பிடித்தன. அடியில் வட்டத்துக்குள் சிலுவை பொறித்த நேட்டோ ராணுவ உறைகளில் பிரைமர் குழியின் விளிம்பு நசுக்கப்பட்டிருக்கும். அதைச் சீவி எடுக்காமல் புதிய பிரைமரைச் செலுத்த முடியாது. 9 மி.மீ. உறை சுமார் 19 மி.மீ. நீளம், .380 எனப்படும் இன்னொரு கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறை சுமார் 17 மி.மீ.; பொறுக்கி எடுத்த உறைகளில் இவை இரண்டும் கலந்து கிடப்பது சகஜம் என்பதால், முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்.

கோளாறு இருந்த காலத்தில் தயாரான தோட்டாக்களைச் சமதளக் கண்ணாடி மீது ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பிரைமர் துருத்தியவை ஆடின. அவற்றை மறுபடியும் பிரஸ்ஸில் வைத்து பிரைமரை அழுத்த முயலாதீர்கள். மருந்தும் குண்டும் உள்ள தோட்டாவில் அது வெடிக்கக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, புல்லெட் புல்லரால் குண்டை உருவி, பவுடரைக் கொட்டிவிட வேண்டும். நானும் ஆடியவை அனைத்தையும் அப்படியே பிரித்துவிட்டேன்.