ஒரு மெழுகுக் கட்டிக்கு நான்கு நடை

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். சிஸ்பிளாட்டின், ஃபைவ்-எஃப்யூ என்ற இரண்டு கீமோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும் சில மாதத்தில் திரும்ப வளர்ந்து கல்லீரலிலும் தெரிந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில், ஒரே ஒரு கீமோ மருந்தை மட்டும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் சேர்க்கலாம் என்றார்கள். மருந்து பாக்லிடாக்சல். மற்ற புற்றுநோய்களுக்குப் பல வருடமாகக் கொடுப்பதுதான். "ரெண்டு மருந்து கொடுத்தா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. இவர் உடம்பும் தாங்காது" என்றார் டாக்டர். அதுவரை எல்லாம் புரிந்தது.

ஆய்வுக்கு பயாப்சி பிளாக் வேண்டுமாம். வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், தீப்பெட்டியைவிடச் சின்னது. அது பழைய ஆஸ்பத்திரி லேபில் கிடந்தது. உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆரப்பாளையம், அப்புறம் டவுன் பஸ். முதல் நடையில், நோயாளியின் கடிதம் இல்லாமல் தர முடியாது என்றார் கவுண்டரில் இருந்தவர். கைநாட்டு வைத்த கடிதத்தோடு போனேன், ஒட்டிய கவர் ஒன்று கொடுத்தார். ஆய்வு நர்ஸ் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஸ்லைடு. பிளாக் இல்ல" என்றார். ஸ்லைடு என்றால் அந்தச் சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டு. மூன்றாம் நடை: "எடுத்துக் குடுக்கற சார் லீவு." நாலாவதில்தான் கைக்கு வந்தது.

அதற்குள் வேறு வினை. சி.டி. ஸ்கேன் எடுத்த 28 நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. அன்று 31-ஆம் நாள். மறுபடி ஸ்கேன், நரம்பு கிடைக்காமல் அப்பா கையில் மூன்று குத்து. அந்தக் கவுண்டர்காரரை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் போனால் "பிளாக்" என்றே கேளுங்கள், பயாப்சி நம்பரைச் சொல்லுங்கள், கவரை அங்கேயே பிரித்துப் பாருங்கள். ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் வாங்கினால் போதாது, சீடியும் வாங்கிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்திலும் ஒரு சிக்கல். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் போடுகிறேன் என்றேன். நினைவோடு இருப்பவருக்கு மகன் கையெழுத்துப் போட முடியாதாம். ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத, படித்த ஒருவர் சாட்சியாக உட்கார வேண்டும். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்திருந்த மேலூர் வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அப்பா கேட்டது ஒன்றுதான்: "நடுவுல வேணாம்னா விட்டுருவீகளா?" எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வைத்தியம் நிற்காது என்றார்கள். படிவத்தில், ஆய்வில் சேர்ந்தவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கும், அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை வராமலிருக்க முதலில் ஊசிகள், அப்புறம் ஒரு மணி நேரம் டிரிப். இரண்டு வாரம் சுமுகம். மூன்றாம் வாரம் ரத்தத்தில் நியூட்ரோஃபில், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு, 1,280. அவர்களுக்கு 1,500 வேண்டும், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் கேட்டு அனுமதி வாங்கி, முதல் நாளே உசிலம்பட்டியில் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறோம்.

எட்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரல் கட்டி 42 மில்லிமீட்டரிலிருந்து 36. முப்பது சதவீதமாவது குறைந்தால்தான் அவர்கள் கணக்கில் சுருக்கம், அதனால் "நிலையாக உள்ளது" என்று எழுதினார்கள். கஞ்சி மட்டுமே இறங்கிய தொண்டையில் இப்போது குழைய வடித்த ரசஞ்சோறு இறங்குகிறது.

நேற்று நர்ஸ் கூப்பிட்டார். பிளாக்கில் செய்யவேண்டிய பரிசோதனை முடிந்துவிட்டது, அதைப் பழைய லேபில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். இந்த முறை ரசீது வாங்காமல் கவுண்டரை விட்டு நகர மாட்டேன்.