அத்தையின் வீடும் ஓய்வூதியமும் திரும்பி வந்த கதை

என் அத்தைக்கு 78 வயது. மாமா காலமான பிறகு, உடனிருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வந்த மகனிடமே குடும்ப ஓய்வூதியத்தின் ஏ.டி.எம். அட்டை இருந்தது. ஒன்றரை ஆண்டாகப் பதியாமல் கிடந்த பாஸ்புக்கை நான் வங்கியில் கொடுத்துப் பதிந்தபோது, மாதந்தோறும் பணம் வந்த மறுநாளே மொத்தமும் எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அத்தையோ மாத்திரை வாங்கவும் அவரிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, வீட்டையும், பணம் எதுவும் வாங்காமல் உரிமையை மாற்றித் தரும் தான செட்டில்மென்ட் பத்திரமாக, அத்தை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். "எனக்கப்புறம் அவனுக்குத்தானே" என்பதுதான் அத்தை சொன்ன காரணம்.

இதற்காகவே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டப்படி மனுக்களை விசாரிக்கும் கோட்டாட்சியரின் அலுவலகத்தில் மனுவை வாங்கிப் பார்த்த எழுத்தர், பத்திரத்தை ரத்து செய்ய சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று திருப்பித் தந்துவிட்டார். அடுத்த முறை, பராமரிக்காதவருக்கு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி தரும் 23ஆவது பிரிவை மனுவின் தலைப்பிலேயே தட்டச்சு செய்து கொண்டுபோனேன்; அப்போது பத்திர நகல் கேட்டார். மூலப் பத்திரம் மகனிடம் இருந்ததால், சொத்தின் பத்திரப்பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டு ஆவண எண்ணை எடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினேன். மூன்றாம் முறை, அத்தை எனக்கு எழுதித் தந்த அதிகாரக் கடிதம் இல்லாததால் அந்த நாளும் வீணானது. மனு கொடுப்பவர்கள் யாரிடமும் வாய்வார்த்தை பேசிக்கொண்டிராமல், தபால் பிரிவில் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கிவிடுங்கள்.

உண்மையான சிக்கல் விசாரணையில்தான் வந்தது. பத்திரத்தில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று இருந்ததே தவிர, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரு வரிகூட இல்லை. அப்படி நிபந்தனை இருந்தாக வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்தரப்பு காட்டியது. நான் நம்பிக்கை இழந்திருந்த நேரத்தில், அத்தை ரேஷன் கார்டு உறையிலிருந்து நான்காய் மடித்த தாளொன்றை எடுத்துத் தந்தார். பத்திரம் பதிந்த அன்றே, அம்மாவை ஆயுள்வரை வைத்துக் காப்பாற்றுவதாக மகன் எழுதிக் கையெழுத்திட்டது அது. மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், மகன் தந்த இத்தகைய உறுதிமொழியையும் கணக்கில் கொண்டு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தானப் பத்திரத்தை ரத்து செய்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம். ஏழாவது மாதத்தில், பத்திரம் செல்லாது என்று ஆணை வந்தது.

ஒரு தவறு மட்டும் இன்றும் உறுத்துகிறது. முதல் நாளே வங்கிக்குப் போய் அட்டையை முடக்கி, கணக்கிலிருந்த மகனின் கைபேசி எண்ணையும் மாற்றியிருக்க வேண்டும். மனு எழுதுவதிலேயே நான் மும்முரமாக இருந்ததில் இன்னொரு மாத ஓய்வூதியமும் போய்விட்டது. ஆணை கிடைத்தவுடன் அதைச் சார்பதிவாளரிடம் கொடுத்து, வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று மறுபடி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஏறிவிட்டது, பட்டாதான் இன்னும் மகன் பெயரில் இருக்கிறது.