சட்டியின் அடி

பெப்ரவரி 9

கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து மனைவி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. கையைப் பார்க்கப் போன இடத்தில் இரத்தத்தையும் பார்த்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்பது கணக்கு. "படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லையா?" என்று வைத்தியர் கேட்டார். "வாங்கும். வயது போகிறதுதானே" என்றாள். வயது நாற்பத்து மூன்று.

இரும்பு மாத்திரை எழுதித் தந்தார். சாப்பாட்டையும் கவனியுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆகவே அடுப்படி இனி என் பொறுப்பு. திருகோணமலையில் சீனன்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இருபது வருடமாக இருப்புக் கணக்கு எழுதுகிறேன். எந்தச் சாமான் எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டில் மிளகாய்த்தூள் போத்தல் எங்கே என்று தெரியவில்லை.

பெப்ரவரி 11

வாடைக்காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை. மீன் குறைவு, விலை அதிகம். திருக்கடலூர்க் கரைக்குப் போய் நடுத்தரப் பாரை ஒன்று வாங்கி, தலை போக ஆறு துண்டாக வெட்டுவித்தேன். குழம்பு கொஞ்சம் புளித்துவிட்டது. அதை எழுத வரவில்லை.

பரிமாறும்போது நடந்ததைத்தான் எழுத வேண்டும். அம்மா சைவம், அவருக்குப் பருப்பும் கீரையும். சின்னவனுக்கு இரண்டு துண்டு, மூத்தவளுக்கு ஒன்று. வழக்கமாக என் தட்டில் விழுகிற தலையையும் இரண்டு துண்டுகளையும் கை தானாகவே ஒதுக்கி வைத்தது. மனைவியின் தட்டுக்கு வந்தபோது சட்டியில் வால் துண்டு மட்டும் கிடந்தது. "எனக்குக் குழம்பு ஊற்றினால் போதும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நான் எப்போதும் அப்படித்தானே சாப்பிடுகிறேன்" என்றாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

கல்யாணம் முடித்துப் பதினேழு வருடம். ஆண்டு முடிவில் கணக்கு உதைத்தால் இரவிரவாக இருந்து தேடிப் பிடிக்கிற ஆள் நான்.

என் துண்டுகளை அவளுக்கு வைத்துவிட்டு வால் துண்டோடு கடைசியாக உட்கார்ந்தேன். இரவு தேடிப் பார்த்தேன். அமெரிக்க அட்டவணை ஒன்றின்படி என் வயது ஆணுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 18. பதினைந்து வயதான எங்கள் மூத்தவளுக்கும் 15 வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டி இந்த அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

பெப்ரவரி 14

மாத்திரையை எதோடு விழுங்குகிறாள் என்று இன்றுதான் கவனித்தேன். பால் தேத்தண்ணீரோடு! தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டுவிடும், பாலிலுள்ள கல்சியமும் அதன் பங்குக்குத் தடுக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிற வேலை.

மாத்திரையை விடுங்கள், சாப்பாட்டுக்கும் இதே கதைதான். சோறு உண்டு கை கழுவி ஐந்து நிமிடத்தில் இந்த வீட்டில் தேத்தண்ணீர் வந்தாக வேண்டும். கீரை, பருப்பு, அரிசியிலிருந்து வரும் இரும்பை உடம்பு ஏற்கெனவே அரைமனதோடுதான் வாங்கும். அதன் தலையில் தேத்தண்ணீரை ஊற்றினால் வந்ததில் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும்.

உத்தரவு போட்டேன்: சாப்பிட்டு ஒரு மணி நேரம் தேத்தண்ணீர் கிடையாது. வேண்டுமானால் தேசிக்காய்த் தண்ணீர். தேசிக்காயின் விற்றமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. "உன் அப்பா தொண்ணூறு வயது வரைக்கும் சோற்றுக்குப் பிறகு குடித்தவர்" என்றார். அப்பாவுக்குத்தான் மீன்தலை போனது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பெப்ரவரி 17

வேலியோரம் நட்ட பொன்னாங்காணி முழுவதையும் இரவு மான் தின்றுவிட்டது. வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். திருகோணமலை நகருக்குள் புள்ளிமான்கள் மாடுகளைப்போல வீதியில் திரியும், குப்பையையும் மேயும், படலை திறந்திருந்தால் உள்ளேயும் வரும். படலையைத் திறந்து விட்டது சின்னவன். மானுக்குச் சத்துக் குறைவு இருக்காது.

பெப்ரவரி 21

முருங்கை மரம் மான் எட்டாத உயரம். இன்று முருங்கையிலை வறை.

கீரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். இரத்தம் குறைந்தால் கீரை சாப்பிடு என்று நாங்கள் சொல்வது பாதி உண்மை. கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பில் சேருவது சொற்பம். மீன், இறைச்சியிலுள்ள இரும்பு அப்படியில்லை, சுலபமாகச் சேரும். அதைவிட எனக்குப் பிடித்த செய்தி, மீனோ இறைச்சியோ கொஞ்சம் அதே வேளையில் சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக உள்ளே போகும் என்பது. எங்கள் ஆட்கள் முருங்கையிலையோடு நெத்தலி போட்டு வறுத்ததை ருசிக்காக என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

கீரைக்கு வேறு பெருமைகளும் உண்டு. விற்றமின் ஏ ஆக மாறுகிற பொருள், போலேட் என்ற இன்னொரு விற்றமின், கல்சியம். அந்த விற்றமின் ஏ சேர்வதற்குக் கொழுப்பு வேண்டும். அதற்குத்தான் தேங்காய்ப்பூ. ஆகவே நான் செய்த விதம்: இலையை உருவி, முதலில் கழுவி, பிறகு அரிந்தேன். (இத்தனை காலமும் அரிந்துவிட்டுக் கழுவிச் சத்தைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றியிருக்கிறோம். வாழை நன்றாகத்தான் நிற்கிறது.) வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்க, தலை கிள்ளிய நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு போட்டு முறுக விட்டேன். முள்தான் கல்சியம், அதை எறியக்கூடாது. பிறகு இலை, மஞ்சள், தேங்காய்ப்பூ. நாலைந்து பிரட்டில் இறக்கி, சூடு சற்று ஆறியதும் தேசிக்காய் பிழிந்தேன். அடுப்பில் வைத்துக்கொண்டு பிழிந்தால் கைக்கும், தேசிக்காயின் சத்துக்கும் நட்டம்.

கருவாடு போடுவதற்கு முன் அம்மாவுக்கு வேறு சட்டியில் எடுத்து வைத்தேன். மறக்கவில்லை என்று பதிவு செய்கிறேன்.

பெப்ரவரி 26

தம்பலகாமத்திலிருந்து மனைவியின் அண்ணன் ஒரு மூட்டை சிவப்பரிசி கொண்டுவந்து இறக்கினார். அம்மா அரிசியைத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளியும் வரைக்கும் நாலு தரம் கழுவுகிறவர். கழுவுகிற தண்ணீரோடு போவது தவிட்டுப் பக்கத்து விற்றமின் பி1. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்தவர்களுக்குக் கால் விறைத்து இதயம் வீங்கும் பெரிபெரி நோய் வந்த காலம் உண்டு. யாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நொண்டுவதையும் தவிடு போகாத அரிசி தின்றவை நடப்பதையும் கண்டுபிடித்தார். 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் குத்தினால் அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பியது அதனால்தான்.

கோழிக் கதையை அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தரம் கழுவச் சம்மதித்தார். கல் அகப்பட்டால் தன்னைக் கேட்கக்கூடாதாம்.

மார்ச் 2

அம்மாவுக்குப் பாதம் விறைக்கிறது. ஊசி குத்துவதுபோல இருக்கிறதாம். சீனிவருத்தத்தின் வேலை என்று நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம். கிளினிக்கில் இன்று கேட்டார்கள்: எத்தனை வருடமாகச் சைவம்? எத்தனை வருடமாகச் சீனிவருத்தத்துக்கு மெற்ஃபோமின் மாத்திரை?

விற்றமின் பி12 மரக்கறியில் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் இவற்றில்தான். ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. அதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் போனால் நரம்பைத் தொட்டுவிடும். போதாததற்கு, நெடுங்காலம் மெற்ஃபோமின் எடுப்பவர்களுக்கு அந்தச் சத்துச் சேர்வதும் குறையும். அம்மா முட்டை தொடமாட்டார். தேத்தண்ணீரில் விடுகிற இரண்டு கரண்டி பாலும், வெள்ளிக்கிழமைத் தயிரும்தான் அவருடைய பி12 வரவு.

ஊசி போட்டார்கள், இன்னும் போட வரச் சொன்னார்கள். நான் மூதூர் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி வந்தேன். தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம், சீனி போடாமல். சீனி இல்லாத தயிரும் ஒரு தயிரா என்று கேட்டுக்கொண்டே வழித்துச் சாப்பிட்டார். நான் மனைவியின் இரும்பையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்று அம்மா வேறொன்றில் குறைந்திருக்கிறார்.

மார்ச் 6

நோன்பு மாதம். பக்கத்து வீட்டு நானா வழக்கம்போல ஒரு வாளி நோன்புக் கஞ்சி அனுப்பினார். அரிசி, பயறு, தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கோழி, மேலே அரிந்த கீரை. அரிசியின் புரதத்தில் இல்லாதது பயற்றில் இருக்கும், பயற்றில் குறைந்தது அரிசியில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் புரதம். இது தெரிந்தா அந்த வீட்டுத் தாத்தா கலக்கினார்?

நான் ஒரு மாதமாகக் கெஞ்சியும் கீரை தொடாத சின்னவன் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "இதில் கீரை இல்லைதானே அப்பா?" என்றான். இல்லை என்றேன்.

மார்ச் 9

உப்புப் போத்தலை மூடாமல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன் என்று ஒற்றைக் கையோடு வந்து மனைவி சண்டை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. சாப்பாட்டு உப்பில் அயடின் கலக்க வேண்டும் என்று இலங்கையில் 1995இல் சட்டம் வந்தது, கழுத்தில் கழலை வராமலிருக்க. சூடும் ஈரமும் பட்டால் அயடின் பறந்துவிடும். மூடி வைத்து, கறி இறக்கும்போது போட வேண்டும். உப்புவெளிக்கு அடுத்தாற்போல் குடியிருந்துகொண்டு உப்புக்கு ஏச்சு வாங்கினேன்.

மார்ச் 12

மூத்தவள் காலை ஆறு மணி டியூசனுக்கு ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிறாள். குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் என்று படித்துவிட்டு நாலரை மணிக்கு எழும்பிப் புட்டு அவித்தேன். செங்கல் சூளை வைத்திருந்தால் நல்ல விலை போயிருக்கும். மாவை வறுக்காமல் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டேனாம். அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்து, சுவரில் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பின்னேரம் எள்ளுருண்டை வாங்கி வந்தேன். எள்ளிலும் கல்சியமும் இரும்பும் உண்டு, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடவும் முடியும். நாளையிலிருந்து அதுவும் ஒரு அவித்த முட்டையும்.

எங்கள் சின்ன வயதில் இந்தக் கவலையைத் திரிபோஷா தீர்த்தது. 1973இல் தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்து, விற்றமின் சேர்த்து, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுப்பது. என் தங்கைக்கு என்று வந்த பக்கெட்டில் பாதியைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டித் தின்றது நான்தான். பங்கு பிரிப்பதில் என் கை அப்போதே அப்படி.

மார்ச் 15

களஞ்சியத்தில் இருப்புக் கணக்கெடுப்பு. இரவு கடைக் கொத்துரொட்டி. யாரும் குறை சொல்லவில்லை, அதுதான் கொஞ்சம் சுட்டது.

மார்ச் 24

மாவுக்கட்டு வெட்டினார்கள். கை மெலிந்து வெளிறிப்போய் வேறு யாருடைய கையோபோல இருந்தது. இரத்தம் 11.3.

நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்ட வைத்தியர், இதில் பெரும்பங்கு மாத்திரையுடையது என்றார். சாப்பாட்டால் மட்டும் ஆறு வாரத்தில் இவ்வளவு ஏறாதாம். ஏறியதை இறங்காமல் பிடித்து வைப்பதுதான் சாப்பாட்டின் வேலையாம். 12ஐத் தாண்டிய பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார். இரத்தத்தில் ஓடுவது வேறு, உடம்பு ஒதுக்கி வைக்கிற சேமிப்பு வேறு, அது நிரம்ப நாள் எடுக்கும். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கடையில் சாமான் நிற்கிறது என்பதற்காகக் களஞ்சியம் நிறைந்திருக்கிறது என்று நான் கையெழுத்துப் போடுவேனா?

மார்ச் 27

அடுப்படி கைமாறியது. மிளகாய்த்தூள் போத்தலை நான் வைத்த இடத்திலிருந்து பழைய இடத்துக்கு மாற்றினாள். மீன் வெட்டுவது மட்டும் இனியும் நான்தான், பாரமான கத்தி பிடிக்க அவளுக்கு இன்னும் வலு வரவில்லை.

கடல் படுத்துவிட்டது, மீன் மலிவு. மறுபடியும் பாரை, மறுபடியும் ஆறு துண்டு. அவள் பரிமாற நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவனுக்கு ஒன்று. மூத்தவளுக்கு இரண்டு. தலை எனக்கு வரவில்லை, அவள் தட்டுக்குப் போனது, கூடவே இரண்டு துண்டும். கழுத்தை நீட்டிப் பார்த்தேன்போலும். "என்னுடைய தட்டை எட்டிப் பார்க்க வேண்டாம்" என்றாள்.

எனக்கு வால் துண்டு. முள் அதிகம், கவனமாகத்தான் தின்ன வேண்டியிருந்தது. அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, தேத்தண்ணீருக்கு இன்னும் ஐம்பது நிமிடம் என்றார்.