கீழக்குயில்குடி அய்யனாருக்கு ஒரு பொங்கல்

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழக்குயில்குடி அய்யனாருக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் வாய்த்தது. நாகமலை புதுக்கோட்டை தாண்டி உள்ளே திரும்பியதுமே கூட்டம். வண்டி நிறுத்த ரசீது இல்லாமல் நூறு ரூபாய் கேட்டு ஒருவர் மல்லுக்கு நின்றார். அம்மாதான், "சாமி கும்பிட வந்த இடத்துல எதுக்குடா சண்டை" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

பொங்கல் பொங்கி, கருப்பசாமிக்கும் படைத்து முடித்ததும், கோயிலை ஒட்டிய சமணர் மலைக்கு மேலே போக வேண்டும் என்றார் அம்மா. வெயில் ஏறிவிட்டது. பாறை கொதித்தது. ஆனாலும் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டார். இந்தப் பக்கத்தில் பிறந்தவர். செட்டிப்புடவு என்ற குகையில் சிலையாக உட்கார்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரர் அவருக்கு இன்றைக்கும் 'செட்டியார்'தான். சமணர் மலை என்று பேர் சொன்னாலும், சின்ன வயதில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கடப்பார்களாம். மேலூர்ப் பக்கம் எத்தனை குன்றுகள் கிரானைட்டாக அறுபட்டுப் போயின! தொல்லியல் துறையின் பலகை இப்போது இருக்கிறது, சரி. அதற்கு முன்னே இந்த மலையைக் காத்தது இந்தக் கும்பிடுதான் என்றே நான் நம்புகிறேன். அதே பாறையில் பேரைக் கீறிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், பாறையில் வரிசையாகச் செதுக்கிய எட்டுச் சமணத் திருமேனிகள். அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தார். போன வருஷம் என் முகமே அவருக்குப் புகையாகத் தெரிந்தது. இப்போது பாறையில் இருக்கும் எழுத்தைக் காட்டி, "இது என்ன எழுதியிருக்கு?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அய்யனாரே என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அது வட்டெழுத்து, பழைய காலத்துத் தமிழ் எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் படித்த ஞாபகம் இருந்தது. அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இங்கே இருக்கிறது, ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகிறது என்று சொன்னேன்.

"மகனுக்காக நேர்ந்திருப்பா போல" என்றார் அம்மா. "பேரு என்ன சொன்ன?"

"குணமதியார்."

இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை. படியைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே இறங்கினார். கிளம்பும் நேரத்தில் மறுபடி அய்யனார் முன்னால் போய் இன்னொரு சூடம் ஏற்றினார். யாருக்கு என்று வண்டியில் கேட்டேன்.

"அந்த அம்மா பேருக்குத்தான்."