கோடிக் காம்பராவை மட்டும் விட்டுவையுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் தனி வீடுகள் கட்டி முடித்ததும், தொழிலாளர் குடும்பங்கள் வரிசை அறைகளில் வாழ்ந்த பழைய லயத்தை இடித்துவிடுவார்கள் என்று தெரிந்தபோது, அதில் ஒரு பகுதியையாவது நிறுத்திவைக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் புறப்பட்டோம். மலையகத்தில் இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டுக்குரியது. அது போட்டிருக்கும் எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்திய கட்டடங்களைச் சட்டம் தொல்சின்னங்களாகவே கருதுகிறது. தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதோ 1820களில். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்த காட்டு வழி, வழியில் செத்தவர்களைப் புதைத்த மண், லயங்கள், மாரியம்மன் கோயில்கள் எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஒரு சமூகத்தின் இருநூறு ஆண்டுகளையும் வெளியே நிறுத்த ஒரு தேதி போதுமானதாக இருக்கிறது.

உள்ளே போக ஒரு வாசல் உண்டு. நூறு ஆண்டுகள் கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அமைச்சர் வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவிக்கலாம். ஆனால் நூறு ஆண்டு என்பதற்குச் சான்று வேண்டும். நாங்கள் முதலில் போன அலுவலகத்தில், "லயத்தில் என்ன பழமை இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள்.

தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவுக்குச் சான்று தேட வேண்டியதில்லை; வரைபடம், ஒளிப்படம், கடிதம் எல்லாம் இருக்கும். இன்று அவற்றில் பல விடுதிகளாக நன்றாகவே பராமரிக்கப்படுகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரவைப் பார்க்கவும் மக்கள் போகிறார்கள். போகட்டும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

கொழும்பு தேசிய சுவடிக்கூடத்தில் தோட்டங்களின் விவரங்களைத் தொகுத்த பெர்குசன் டைரக்டரியின் பழைய தொகுதிகளைப் புரட்டினோம். தோட்டத்தின் பெயரும் ஏக்கர் கணக்கும் துரையின் பெயரும் இருந்தன. லயம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசியில், ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்கிய பெரிய கங்காணி ஒருவரின் பேரன் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு துண்டு அகப்பட்டது. கங்காணியின் கடனைக் கட்டினால் அவருடைய ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே அந்தக் கங்காணியின் ஆட்கள் கும்பல் அதற்கு முன்பே எங்கள் தோட்டத்தில் குடியிருந்தது என்று எழுத முடிந்தது. கோயில் மணியில் பொறித்திருந்த ஆண்டையும் சேர்த்துக்கொண்டோம். மனிதர்களைக் கடனுக்கு ஈடாகக் கட்டிவைத்த காகிதமே அவர்கள் இருந்ததற்குச் சான்றாக வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது லயத்து மக்களின் கேள்வி. "டீச்சர், இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். மழை பெய்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். இதையா காப்பாற்றச் சொல்கிறீர்கள்?" என்றார் ஓர் அம்மாயி. அவர் கேட்டது முழு நியாயம். ஏழு பேர்ச்சஸ் காணியும் சொந்த வீடும் கிடைக்கும் நேரத்தில் மரபு என்று சொல்லி எவரும் குறுக்கே நிற்கக் கூடாது. அதனால் எங்கள் கடிதத்தின் முதல் வரியே இப்படி அமைந்தது: வீட்டு வேலை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, எல்லோரும் குடிபோன பிறகு லயத்தின் கடைசி அறையான கோடிக் காம்பராவை மட்டும் அதன் இஸ்தோப்போடு (முன் திண்ணையோடு) விட்டுவையுங்கள். அதைக் கேட்ட பிறகு அந்த அம்மாயியே கைநாட்டு வைத்தார்.

எதையெல்லாம் பதிவு செய்வது என்று கூடிப் பேசியபோது ஆண்கள் கோயில், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம், காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல், தொழிற்சாலைக்குள் இருக்கும் ரோதைமுனி சாமி என்று அடுக்கினார்கள். பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டோம். வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவைத்தான் முதலில் சொன்னார்கள். கொழுந்து எடுக்கும் நடுவில் ஓடிவந்து பால் கொடுத்த குறுக்குப் பாதையையும் சொன்னார்கள். அந்தப் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை; அவர்களோடு நடந்துதான் வரைந்தோம். தப்படிக்கும் குடும்பங்கள் இருந்த லயம் இரண்டு பட்டியலிலும் இல்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு எழுப்பியதும், காமன் கூத்தை நடத்திக் கொடுத்ததும் அவர்களுடைய தப்பு மேளம்தான். அதைச் சேர்க்க வேண்டும் என்றபோது பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைக்காரன் நம்மை எழுதாமல் விட்டான் என்று குறைசொல்லிக்கொண்டே நமக்குள் ஒரு சாராரை நாம் எழுதாமல் விட முடியாது.

காணி அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். எனவே எழுத்து மூலமான அனுமதி இரண்டு பக்கமும் வேண்டும். வாய்மொழியாகச் சம்மதித்தவர்கள் கையெழுத்து வைக்கத்தான் நாளெடுத்தது. கம்பளைக்கு அருகே பழைய லய அறைகளிலேயே நடக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தின் படங்களை இணைத்த பிறகு பேச்சு இலகுவானது. முன்னுதாரணம் ஒன்றைக் காட்டினால் அதிகாரிகளுக்குத் துணிச்சல் வருகிறது.

கோடிக் காம்பரா இப்போது நிற்கிறது. சாவி மாதர் சங்கத்திடம் இருக்கிறது. வர்த்தமானி அறிவிப்புக்கான விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் கட்டடத்துக்கு முன் காகிதங்களைத் தேடுங்கள். துண்டு, பழைய பிறப்புப் பதிவு, 1948இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமைக்காக அலைந்து சேர்த்த கடிதங்கள், இந்தியா போனவர்கள் விட்டுச்சென்ற பாஸ்போர்ட் பிரதிகள் எதையும் லேமினேட் செய்ய வேண்டாம். ஒளிப்படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் மேல் டிவிசனில் அடுத்த மாதம் அந்த வேலை தொடங்குகிறது.