பழைய கட்டடங்களை அளந்து காக்கும் படிப்பு: மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்

பழைய கட்டடங்களை அளவிட்டுப் பாதுகாக்கும் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று உயர்தரம் எழுதிய தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள். எந்த வழியில் போனாலும் சரி, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பழைய வீடு ஒன்றைக் கையால் அளந்து முழுதாக வரைந்துவிடுங்கள். கட்டடக்கலை படித்து, பிறகு மரபுரிமைப் பாதுகாப்பில் முதுமாணி முடித்த எனக்கு நேர்முகத்தில் கைகொடுத்தது அதுதான். இன்று வேலைத்தளத்தில் சோறு போடுவதும் அதுதான்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் வேறொரு துறையில் முதல் பட்டம் எடுத்துக்கொண்டுதான் இதற்குள் வருகிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கலாம். அதற்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு, லேசாக எடுக்க வேண்டாம். குடிசார் பொறியியல் நமக்குப் பக்கத்தில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. நில அளவை விஞ்ஞானத்துக்குச் சபரகமுவை, தொல்லியலுக்கு யாழ்ப்பாணம், பேராதனை, களனி. அதற்கு மேலே, நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கென்று மொறட்டுவையில் முதுமாணிப் படிப்பு இருக்கிறது. தொல்லியல் பக்கம் போவதென்றால், களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் கொழும்பில் இயங்கும் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லையா? தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி எடுங்கள். நல்ல படவரைஞர் இல்லாமல் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் நகராது.

சரி, அளவெடுப்புக்கு வருவோம். தூண் வைத்த விறாந்தை, கள்ளிக்கோட்டை ஓடு, முதிரைக் கதவு என்று புளியந்தீவுப் பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கும் வீடுகளில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அறையின் நாலு பக்கத்தையும் அளந்தால் போதும் என்று தோன்றும். போதாது. பழைய அறைகள் மூலைமட்டத்துக்கு இருப்பது அரிது. இரண்டு மூலைவிட்டங்களையும் எடுத்தால்தான் அறையின் உண்மையான வடிவம் தாளில் விழும். சுவரில் வரிசையாக வரும் கதவு யன்னல்களைத் துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள். டேப்பின் நுனியை ஒரு மூலையில் பிடித்தபடி 0.84, 1.97, 3.10 என்று தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் பிசகினாலும் பிழை அந்த இடத்தோடு நின்றுவிடும். சுவர் சாய்வுக்குத் தூக்குக்குண்டு, தரை மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிய குழாய். தளப்படம் 1:50 அளவில் இருக்கட்டும், ஒரு கதவையாவது 1:10இல் வரையுங்கள். லேசர் மீற்றர், டோட்டல் ஸ்டேஷன், ஸ்கேனர் போன்ற மின்னணு அளவைக் கருவிகள் எல்லாம் அப்புறம் பழகலாம். அந்தச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் ஏன் வேறு அளவுச் செங்கல் இருக்கிறது என்ற கேள்வி, கையால் அளப்பவருக்குத்தான் முதலில் வரும்.

டேப்பை விரித்ததும் வீட்டு அம்மாவின் முகம் மாறும். "என்ன மனே, ரோட்டு அகலிக்கப் போறாங்களோ?" என்று கேட்பார். அந்தப் பயம் நியாயமானது. எதற்காக அளக்கிறீர்கள் என்று முதலிலேயே உட்கார்ந்து சொல்லுங்கள், முடிந்ததும் படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன வீடா, பின்பக்க அறை எப்போது சேர்த்தது, கிணற்றடிச் சுவரை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் அவர் வாயால்தான் வரும். பெட்டிக்குள் பழைய காணி உறுதி இருந்தால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் உறுதியைச் சரளமாக வாசிக்கத் தெரிந்த பாதுகாப்பு மாணவர் குறைவு. உங்களுக்கு அது பெரிய பலம். அதோடு சிங்களமும் பழகிக்கொள்ளுங்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், களப்பயிற்சியில் மேசன்மாரோடும் அதிகாரிகளோடும் பேச அது வேண்டும்.

அடுத்தது சுண்ணாம்பு. என் பார்வையில் இந்தப் படிப்பின் உயிரே இதுதான். பழைய சுவரில் செங்கல்லை இணைப்பது சுண்ணாம்புச் சாந்து. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். ஈரமாயிருக்கிறதே என்று அதன்மேல் சீமெந்துப் பூச்சு பூசினால் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறும், அது கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி, செங்கல்லை மாவாக உதிர்க்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நம் ஊரில் இதைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு உள்ளே சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. வெடிப்பு இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மாரி முடிந்த பிறகு திரும்பப் போய்ப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது என்று அர்த்தம்.

பரீட்சையில் 'இந்தக் கட்டடத்தை எப்படித் திருத்துவீர்கள்' என்று கேட்டால் நேரே திருத்தத்துக்குப் பாயாதீர்கள். வரலாறு, அளவெடுப்பு, சேதத்தின் காரணம், கட்டடத்தின் முக்கியத்துவம் என்று வந்து, கடைசியில் தலையீட்டை எழுதுங்கள். பழைய சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். மொத்தம் 16 உறுப்புரைகள்தான், ஒரு மாலையில் வாசித்துவிடலாம். ஆனால் மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் புள்ளி வராது, நம் மட்டக்களப்புக் கோட்டையில் வைத்து யோசியுங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்து, நீண்ட காலம் கச்சேரியாக, அதாவது மாவட்ட அரச அலுவலகமாக, இருந்தது. இதை எந்தக் காலத்துக்குத் திருப்புவது? எல்லாக் காலத்துப் பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்கிறது 11ஆம் உறுப்புரை. ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும் என்கிறது 9ஆவது. இந்த இரண்டையும் கோட்டையின் ஒரு சுவரை வைத்து விளக்கத் தெரிந்தால் வாய்மொழிப் பரீட்சையில் தைரியமாக நிற்கலாம். இந்தச் சாசனத்தின் வழிவந்த, நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இகோமோஸுக்கு 1990 முதல் 1999 வரை தலைவராக இருந்தவர் நம் நாட்டின் ரோலண்ட் சில்வா என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். சட்டத்தில், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால், பயிற்சிக்காக அளப்பதற்கு முன்னும் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

நேர்முகத்துக்குப் போகும்போது இறுதிப் படங்களோடு களக்குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். என்னுடைய நேர்முகத்தில் அழகாக வரைந்த தாள்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, அழுக்குப் படிந்த அந்தப் புத்தகத்தைத்தான் நெடுநேரம் புரட்டினார்கள். அளவுகளை அந்த இடத்திலேயே எழுதியதா, வீட்டுக்குப் போய் நினைவில் எழுதியதா என்பது பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, வடக்கு அம்புக்குறி, டேப்பின் மறுமுனையைப் பிடித்தவரின் பெயர் இருக்கட்டும். இறுதிப் படத்தில் 1:50 என்று எழுதுவதோடு அளவுக் கோடு ஒன்றையும் வரைந்துவிடுங்கள். போட்டோக்கொப்பியில் படம் சுருங்கினாலும் அந்தக் கோடும் சேர்ந்தே சுருங்கும், அளவு தப்பாது.