சாமான் சிட்டையும் பால் கணக்கும்

நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற வைரத்தோட்டிலிருந்து எவர்சில்வர் கரண்டி வரை சிட்டையில் எழுதி வைப்பார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோடு காரைக்குடிப் பக்கம் வழக்கு, வாய்தா என்று அலைந்த எனக்கு அந்தச் சிட்டை பலமுறை கைகொடுத்திருக்கிறது. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 19ஆவது பிரிவில், சீர்ப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம். "அப்படி ஒண்ணும் வரலையே" என்று எதிர்த்தரப்பு இழுக்கும்போது சிட்டையை எடுத்து நீட்டுவோம். பேச்சு நின்றுவிடும்.

அடிக்குத்தான் சிட்டை கிடையாது.

இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கையில் தேதி, நேரம், இடம் எல்லாம் கேட்பார்கள். ஆரம்பத்தில் என் கண் அந்தக் கட்டங்களில்தான் இருந்தது. வந்து உட்கார்ந்தவுடன் "எந்தத் தேதி?" என்பேன். பாவம், முழிப்பார்கள். அப்புறம்தான் கேட்கத் தெரிந்தது: பிள்ளையார் நோன்புக்கு முன்னாலயா, பின்னாலயா? கொப்புடையம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தப்பவா? சரசரவென்று நினைவு வரும்.

ஒரு பெண் மாதக் காலண்டர் தாள் மூன்றைச் சுருட்டி எடுத்து வந்தாள். 'வேறு' வைத்து, அதாவது தனிச் சமையல் என்று பிரித்து, அதே பெரிய வீட்டில் ஓர் அறையும் அடுப்பும் கொடுத்திருந்தார்கள். வளவை, அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றி இன்னும் நாலு பங்காளி வீட்டார் இருக்கிறார்கள். சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. "தனியா வச்சாச்சு, இனி அவுக பாடு" என்றார்களாம். அவளுக்கு அந்த அறையை விட்டு வெளியேற மனமில்லை. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க உனக்கு உரிமை உண்டு, 17ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது என்றேன். வழக்கை 60 நாளில் முடிக்கப் பாருங்கள் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதைப் பேசினால் எனக்குக் கோபம் வரும், விடுங்கள்.

தாளில் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் 'அரை', 'அரை' என்று பால் கணக்கு. சில நாளில் மட்டும் பக்கத்தில் சின்னதாக ஒரு சுழி.

"இதெல்லாம் பால் வாங்காத நாளா?" என்று கேட்டேன்.

"பால் அன்னைக்கும் வாங்கினேன்க்கா."

சுழிகளை எண்ணித் தேதிவாரியாக எழுதி, தாள்களை மனுவோடு இணைத்தோம். கிளம்பும்போது அதில் கடைசித் தாளுக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் கேட்டாள். பால்காரருக்கு அந்த மாசப் பாக்கி இன்னும் கொடுக்கவில்லையாம்.